சுடாத பிஸ்டல்

பச்சைத் துணி விரித்த மேஜைமேல் மூன்று பிஸ்டல்கள் கிடந்தன. மூன்றில் ஒன்று தங்கத் திருட்டுக்குத் துணை போகிறது. எது என்று அந்தச் சனிக்கிழமை மத்தியானம் யாராவது என்னைக் கேட்டிருந்தால் தயங்காமல் கைகாட்டியிருப்பேன். தப்பான பிஸ்டலைத்தான் காட்டியிருப்பேன், அது வேறு விஷயம்.

"இன்னா டேவிட், பொண்ணு பாக்க வந்தவனாட்டம் அப்பிடிப் பாக்கற?" என்றார் இன்ஸ்பெக்டர் தாமோதரன், குரலை இறக்கி.

"பொண்ணு பாக்கப் போனா பலகாரம் குடுப்பாங்க சார். இங்க தண்ணி வேணுமான்னுகூடக் கேக்கல."

"தொரமாரு கிளப்புல கான்ஸ்டபிள உள்ள வுட்டதே பெரிசு. வாய மூடிக்கினு கண்ணத் தொறந்து வெச்சிக்க."

வாயை மூடுவது எனக்கு வராத வேலை. கண்ணை மட்டும் திறந்து வைத்தேன். முதலில் கண்ணில் பட்டது பிஸ்டல் இல்லை. கிளப் வாசலில் புங்கமரத்தடியில் சட்டி பானைகளோடு உட்கார்ந்திருந்த தங்கம்மா.

அவள் புருஷன் ராஜப்பா, கிரீன்ஹில் சுரங்கத்து மில்லில் வேலை. பாறையைப் பொடியாக்கித் தண்ணீரோடு செப்புத் தகடுகள்மேல் ஓடவிடுவார்கள். தகட்டில் பூசிய பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பசையாகிவிடும். சனிக்கிழமை காலையில் அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பது ராஜப்பாவின் வேலை. இன்று காலையும் சுரண்டினார். பசை குறைகிறது என்று மில்லின் தலைவர் வால்டர் துரை சத்தம் போட்டார். ராஜப்பாவைச் சோதித்தார்கள். நகக்கண்ணில் பசை இருந்தது. பசை சுரண்டுகிறவன் நகத்தில் பசை இல்லாமல் மல்லிகைப்பூவா இருக்கும்? ஆனால் கோலார் தங்க வயல் சட்டத்துக்கு அது போதும். மத்தியானத்துக்குள் ராஜப்பா லாக்கப்பில், அவர்கள் குடியிருந்த கம்பெனி லைன் வீட்டுக்குப் பூட்டு, திங்கட்கிழமை கோலார் கோர்ட். கோர்ட்டுக்குப் போனவர் எவரும் சீக்கிரம் திரும்பியதில்லை.

நாங்கள் உள்ளே வரும்போது தங்கம்மா எழுந்து நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "திங்கக்கெழமைக்குள்ள எதுனா ஆவுங்களா, ஐயா?"

தாமோதரன் அவள் முகத்தைப் பார்க்காமல் படியேறினார். அவருக்குப் பொய் சொல்ல வராது. போலீஸ் வேலையில் அது பெரிய குறைதான்.

பசை பல மாதமாகவே குறைந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் பெங்களூரிலிருந்து எங்களை அனுப்பியிருந்தார்கள். மில் வாசலில் மேஸ்திரி முதல் குமாஸ்தா வரை துணியை உதறிக் காட்டாமல் வெளியே போக முடியாது. புது மானேஜர் ஹரோல்ட் துரை வந்தபிறகு வெள்ளைக்காரர்களின் கோட்டுப் பை, சாப்பாட்டுக் கூடை, கைத்தடிகூடத் தப்புவதில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலக்கு. துரைமாரின் துப்பாக்கியை வாட்ச்மேன் தொடக் கூடாது. அது எந்தக் காலத்திலோ போட்ட உத்தரவு, மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை பசை சுரண்டும் நாள். அதே சனிக்கிழமைதான் கிளப்பில் குறி சுடும் நாள். பிஸ்டல் பெட்டியோடு மில்லுக்குள் போய் அப்படியே கிளப்புக்கு வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் வால்டர் துரை. இன்னொருவர் எட்மண்ட், மில்லுக்குப் பாதரசம் கொண்டுவந்து கொடுக்கும் ஸ்டோர் குமாஸ்தா. அப்பா வெள்ளைக்காரர், அம்மா நம்ம ஊர்.

துரையின் துப்பாக்கியைத் தொட எங்களுக்கும் அதிகாரமில்லை. தாமோதரன் அதற்கு ஒரு வழி செய்தார். மைசூர் போலீசுக்குக் குறி சுடும் பிஸ்டல் வாங்கப் போகிறோம், எது உசத்தி என்று யோசனை சொல்ல வேண்டும் என்று ஹரோல்ட் துரையிடம் கேட்டார். பிஸ்டல் வைத்திருப்பவரிடம் அதைப் பற்றிக் கேட்பது, பிள்ளை பெற்றவளிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்கிற மாதிரி. எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வார்கள். மூன்றும் மேஜைக்கு வந்தது அப்படித்தான்.

மூன்றும் ஒரே சாதி. சின்னத் தோட்டா, அதன் அடி விளிம்பில் சுத்தி தட்டினால் வெடிக்கும். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. மில் கழிவு மணல்மேட்டிலிருந்து நாள் பூராவும் புழுதி பறக்கிற ஊர் என்பதால் மூன்றின் வாயிலும் கார்க் அடைத்திருந்தது.

"மொதல்ல அழகு, அப்பறம் கைப்பிடி, கடேசில வேல," என்றார் தாமோதரன்.

"மாப்ளைக்கும் அதே வரிசதான் சார் பாப்பாங்க. கடேசில பாக்கறதுதான் தப்பாவே பூடுது."

முதல் பிஸ்டல் பெல்ஜியத்தில் செய்தது, கிளப்பின் பொதுச் சொத்து. கறுப்புப் பூச்சு உரிந்து சொறி பிடித்த மாதிரி இருந்தது. விசையை இழுப்பது கிணற்றில் தண்ணீர் சேந்துவது போல. போன மழைக்காலத்தில் ஒருவர் பலகையைக் குறி பார்த்துச் சுட, குசினி ஜன்னல் உடைந்ததாம். அதற்குள் எதையாவது ஒளித்தால் அதுவே கீழே கொட்டிவிடும். ஒதுக்கி வைத்தோம்.

இரண்டாவது எட்மண்டுடையது. அமெரிக்காச் சரக்கு. பார்க்க ஆணி அடிக்கும் சுத்தியல் மாதிரி இருந்தாலும், கையில் எடுத்தால் விட மனம் வரவில்லை. நீட்டினால் நீட்டின இடத்தில் நின்றது. கிளப்பின் கோப்பையை அதை வைத்துத்தான் எட்மண்ட் ஜெயித்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது. கைப்பிடி அநியாயத்துக்குக் கனம். பிடியின் மரத்தைப் பிடித்திருந்த திருகாணி அடிக்கடி கழற்றி மாட்டியதில் தேய்ந்திருந்தது.

"சார்," என்று காதைக் கடித்தேன். "தங்கம் கனமாத்தான இருக்கும்? பிடிக்குள்ள கீது. ஆள அமுக்கிடலாமா?"

தாமோதரன் பிஸ்டலைக் கையில் எடைபோட்டார். "எட்மண்ட், இந்தப் பிடியக் கொஞ்சம் கழட்டிப் பாக்கலாமா?"

எட்மண்டின் முகம் வெளுத்தது. தூரத்தில் மானேஜரோடு சோடா குடித்துக்கொண்டிருந்த வால்டர் துரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இங்க வேணாம் சார்," என்றார் தமிழில். நான் அதற்குள் பேனாக்கத்தியால் திருகாணியைக் கழற்றிவிட்டேன். உள்ளே கனமான தகடு ஒன்று மடித்து வைத்திருந்தது.

ஈயம். சாதாரண ஈயத் தகடு.

"மலேரியா வந்ததுலேந்து கை நடுங்குது சார்," என்றார் எட்மண்ட், மிகவும் தணிந்து. "கனம் இருந்தா நடுக்கம் அடங்குது. நான் ஸ்டோர்ல தராசு புடிக்கிறவன். கை நடுங்குதுன்னு தெரிஞ்சா மறுநாளே வேற ஆள் போட்ருவாங்க. நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க."

தாமோதரன் தகட்டை அப்படியே மடித்து வைத்துத் திருகாணியை அவரே முடுக்கினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாவது வால்டர் துரையுடையது. லண்டன் சாமான். வாதுமை மரப் பிடி, அதில் தங்கத்தில் பதித்த அவர் பெயரின் முதலெழுத்துகள், நீண்ட குழல், குழலின் வாயை ஒட்டி அழகான வெள்ளி வளையம். துணியில் படுத்திருந்த தோரணையே தனி. நான் எடுத்து நீட்டினேன். முனை மெதுவாகத் தரையைப் பார்த்துக் குனிந்தது.

"அழகுக்கு முழு மார்க் சார். ஆனா மூஞ்சி தொங்கிப்போச்சி. இத வெச்சிக் குறி பாத்தா நம்ம கால்லதான் படும்."

"வால்டர் தொர இதால சுட்டுப் பாத்திருக்கியா?" என்று தாமோதரன் கேட்டது, சோடா கொண்டுவந்த பட்லர் மரியகுழந்தையை.

"இல்லீங்க. கிளப்புத் துப்பாக்கிலதான் சுடுவாரு, தோத்துட்டுப் போவாரு. இது ரொம்ப ஒசத்தி, இந்தப் புழுதில அழுக்காவ வுட மாட்டேன்னுவாரு. ஆனா வாரா வாரம் கொண்டாந்து வெப்பாரு." மரியகுழந்தை தலையைச் சாய்த்து அதைப் பார்த்தார். "புதுசா வந்தப்போ நான்தான் பெட்டியப் பிரிச்சேன். அப்போ இந்த வளையம் மஞ்சளா இருந்திச்சிங்க. தங்க முலாம் தேஞ்சிபோச்சி போல."

தாமோதரன் கண்ணை மூடித் திறந்தார். அவருக்கு மூளை ஓடும்போது அப்படித்தான்.

"டேவிட், மில்லுல வேல செய்றவங்க கைல மோதரம் பாத்திருக்கியா?"

"அவங்க சம்பளத்துக்கு மோதரம் வேறயா சார்?"

"தொரமாரும் போட மாட்டாங்க. பாதரசம் பட்டா தங்கம் வெளுத்துப்பூடும். வால்டர் தொர கல்யாண மோதரத்த எங்க வெச்சிருக்காரு பாரு."

பார்த்தேன். கோட்டிலிருந்து தொங்கிய வெள்ளிக் கடிகாரச் சங்கிலியில் மோதிரத்தைக் கோத்திருந்தார்.

"கை மோதரத்தக் கழட்டி வெச்ச மனுசன், பிஸ்டலுக்கும் ஒரு மோதரம் கீதுன்றத மறந்துட்டாரு," என்றார் தாமோதரன். மேஜைமேல் சுருட்டுப் பற்றவைக்க ஒரு ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வளையத்தை அதன் சுடரில் காட்டித் திருப்பினார். கார்க் கருகும் வாசனை வந்தது. வெள்ளி மெல்ல மங்கி, அழுக்கு மஞ்சளாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தங்கமானது. பாதரசம் ஆவியாகிப் போய்விட்டது.

எனக்கு வாசலுக்கு ஓடிப்போய்த் தங்கம்மாவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதற்குள் வால்டர் துரை எங்கள் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். கூடவே மானேஜர். இனிமேல் பேச்சு இங்கிலீஷில் நடந்தது. என் இங்கிலீஷில் எழுதினால் உங்களுக்குத்தான் கஷ்டம், தமிழிலேயே தருகிறேன்.

"என் பிஸ்டலை ஏன் சுடுகிறீர்கள், இன்ஸ்பெக்டர்?"

"இதன் வாயில் பாதரசம் எப்படி வந்தது என்று யோசிக்கிறேன்."

வால்டர் துரை பதறவில்லை. சிரித்தார். "இதற்கு யோசிப்பானேன்? ராஜப்பாதான் இதைத் துடைத்து வைப்பான். வாரா வாரம் அவனிடம்தான் கொடுப்பேன். இன்று காலைகூடத் துடைத்தான். அவன் கை எப்போதும் பாதரசத்தில் ஊறின கை. அந்தத் திருட்டுக் கையின் அடையாளத்தை நீங்களே மானேஜருக்குக் காட்டிவிட்டீர்கள். நன்றி."

ஹரோல்ட் துரை தலையை ஆட்டினார். ராஜப்பாவைக் காப்பாற்ற நாங்கள் தோண்டி எடுத்த சாட்சி, அவர் கழுத்துக்கே கயிறாகிவிட்டது.

"பிடியைப் பாருங்கள்," என்றார் தாமோதரன். "இதிலும் தங்க எழுத்து இருக்கிறது. இது மஞ்சளாகவே இருக்கிறதே? ஊறின கை பிடியைப் பிடித்திருந்தால் இது முதலில் வெளுத்திருக்கும்."

"பிடியில் துணி சுற்றித்தான் பிடிப்பான். நான் சொல்லிக் கொடுத்தது."

அதற்கும் பதில் வைத்திருந்தார் மனுஷன். முனை கனக்கிறது என்றேன் நான், உடைந்த இங்கிலீஷில். லண்டனில் அப்படித்தான் செய்வார்கள் என்றார். கான்ஸ்டபிளுக்கு லண்டன் பிஸ்டலைப் பற்றி என்ன தெரியும் என்பது அவர் புருவத்திலேயே இருந்தது.

"போதும், இன்ஸ்பெக்டர்," என்றார் ஹரோல்ட் துரை. "ராஜப்பாவின் வழக்கு கோர்ட்டுக்குப் போகட்டும்."

வாசலில் தங்கம்மா எழுந்து நின்றுவிட்டாள். எங்கள் பேச்சு அங்கே கேட்காது, முகங்கள் தெரியும். என் முகத்தைப் பார்க்க விடாமல் நான் திரும்பிக்கொண்டேன்.

தாமோதரன் மட்டும் சாவகாசமாக இருந்தார். "சரி. ராஜப்பா இன்று காலை துடைத்தான் என்கிறீர்கள். குழலையும்?"

"குழலையும்தான். கண்ணாடி மாதிரி இருக்கும்."

"அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை?"

"யாரும் தொடவில்லை. பெட்டியின் சாவி என்னிடம்தான்."

"நல்லது. அழகு பார்த்தோம், பிடி பார்த்தோம். வேலை எப்படி என்று ஒரு தடவை சுட்டுக் காட்டுங்கள். பார்த்துவிட்டு ராஜப்பாமேல் குற்றப்பத்திரிகை எழுதுகிறேன். இங்கேயே, உங்கள் முன்னாலேயே."

வால்டர் துரையின் சிரிப்பு கொஞ்சம் தாமதித்து வந்தது. "இந்தப் புழுதியில் நான் இதைச் சுடுவதில்லை."

"ஒரு தடவைதானே, வால்டர்," என்றார் மானேஜர் அலுப்போடு. "சுட்டுத் தொலை. அந்த ஆள் வேலையை முடிக்கட்டும்."

ஒரு தோட்டாவை வால்டர் துரை எடுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கார்க்கைப் பிடுங்கினார், பின்பக்கம் திறந்து தோட்டாவைப் போட்டார். பலகையைப் பார்த்துக் கையை நீட்டினார். முனை குனிந்தது, தூக்கினார், மறுபடி குனிந்தது. கழுத்தில் வேர்வை வழிந்து காலருக்குள் போனது. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வீரம் வேறு, உடம்பு வேறு.

அவர் சுடவில்லை. பிஸ்டலை மேஜைமேல் வைத்தார். "கண்ணில் தூசி விழுந்துவிட்டது."

"நான் சுட்டுக் காட்டுகிறேனே," என்றது எட்மண்டின் குரல். அதுவரை ஓரமாக நின்றவர் ஆசையோடு முன்னால் வந்தார். "இவ்வளவு நல்ல பிஸ்டல். ஒரு தடவையாவது சுட்டுப் பார்க்க வேண்டுமென்று எத்தனை நாளாக நினைத்தேன்." பேசிக்கொண்டே எடுத்துவிட்டார். நடுங்கும் கட்டை விரல் சுத்தியைப் பின்னுக்கு இழுத்தது. கை நீண்டது.

"வேண்டாம், எட்மண்ட். கீழே வை. குழல் வெடித்துவிடும்."

சொன்னவர் வால்டர் துரை.

தாமோதரன் எட்மண்டின் கையிலிருந்து பிஸ்டலைப் பக்குவமாக வாங்கி, சுத்தியை இறக்கி, தோட்டாவை வெளியே எடுத்தார்.

"கண்ணாடி மாதிரி இருக்கும் குழல் ஏன் வெடிக்கும்?" என்று கேட்டார். பிறகு மானேஜரைப் பார்த்து, "அனுமதி கொடுப்பீர்களா?"

ஹரோல்ட் துரை தலையசைத்தார். பெட்டியிலிருந்த துடைக்கும் கம்பியைப் பின்பக்கமாக விட்டுத் தள்ளினார் தாமோதரன். குழலின் வாயிலிருந்து வெள்ளைப் பசை, முறுக்குப் பிழிகிற மாதிரி, பச்சைத் துணிமேல் நீளமாக விழுந்தது. இரும்பில் பாதரசம் ஒட்டாது. குழல் சுத்தமாகவே இருந்தது.

வால்டர் துரை நாற்காலியில் உட்கார்ந்தார். "எட்மண்டுக்கு மூன்று குழந்தைகள்," என்றார், அதுவே எல்லாவற்றுக்கும் சமாதானம் என்பது போல.

"ராஜப்பாவுக்கு நாலு, தொரே," என்றேன் நான். தமிழில்தான் சொன்னேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சக உத்தியோகஸ்தனின் விரல் போய்விடக் கூடாது என்று கத்தின வாய், காலையிலிருந்து ஒரு குடும்பம் தெருவில் நின்றபோது சோடா குடித்துக்கொண்டிருந்தது. தாமோதரன் என்னை அடக்கவில்லை.

வால்டர் துரையை என்ன செய்வது என்று மானேஜர் லண்டனுக்குத் தந்தி அடிப்பாராம். ராஜப்பாவுக்கு உடனே ஞாபகம் வந்த கோர்ட், வால்டர் துரைக்கு ஞாபகம் வரவே இல்லை. ராஜப்பாவை விட்டுவிடலாம், திங்கட்கிழமை வேலைக்கு வரட்டும், லைன் வீட்டுச் சாவியைப் பியூன் கொண்டுபோய்க் கொடுப்பான் என்றார்.

"பூட்டச் சொன்னது நீங்கள்," என்றார் தாமோதரன். "திறப்பதும் நீங்களாகவே இருந்தால், லைனில் எல்லோருக்கும் நான் தனித்தனியாக விளக்க வேண்டியிருக்காது. இந்தப் பிஸ்டலை நான் பெங்களூருக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கேயும் நிறைய விளக்க வேண்டியிருக்கும்."

மானேஜர் பிஸ்டலைப் பார்த்தார். தாமோதரனைப் பார்த்தார். குதிரை வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

வெயில் சாய்வதற்குள் நாங்கள் லைனில் இருந்தோம். ராஜப்பா லாக்கப்பிலிருந்து வந்து ஓரமாக நின்றார். கை நகங்களை வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தார். நாலு பிள்ளைகளும் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்து அவரைச் சுற்றிக்கொண்டன. லைன் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. கிரீன்ஹில் சுரங்கத்தின் மானேஜர் தாழ்ந்த வாசலில் குனிந்து, சாவியைத் தலைகீழாகப் போட்டு, திருப்பிப் போட்டு, ஒருவழியாகப் பூட்டைத் திறந்தார். சாவியைத் தங்கம்மாவிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. கதவை இரண்டு பக்கமும் முழுசாகத் தள்ளித் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்றாள்.

"உள்ள வாங்க தொரே," என்றாள். "சட்டி பானை இதோ வெளிய கீது, இதயும் பாருங்க. அடுப்பு, பரண், புள்ளிங்க தூங்கற பாயி, எல்லாத்தயும் ஒதறிப் பாத்துக்கிங்க. நாளிக்கு இந்த வூட்ல தங்கம் கீதுன்னு யாரும் சொல்லக் கூடாது."

தாமோதரன் அதை மொழிபெயர்த்தார். ஒரு வார்த்தையைக்கூட மென்மையாக்கவில்லை.

ஹரோல்ட் துரை உள்ளேயும் போகவில்லை, திரும்பி வண்டிக்கும் போகவில்லை. சாவியை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவர் வண்டியேறிப் போகிற வரைக்கும் தங்கம்மா கதவைச் சாத்தவில்லை.